பச்சையில் வரைந்த முள்

என் வீட்டு நடுச்சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், ஒரு சின்ன வட்டம் தொங்குகிறது. தூரத்தில் நின்று பார்க்கிறவர்கள் அதைக் கடிகாரம் என்றே நினைத்துக்கொள்வார்கள். "ஆச்சி, ஒங்க கடியாரம் நின்னு போச்சே, செல்லு மாத்தப்பிடாதா?" என்று பால் வாங்க வருகிறவர்கள் கேட்காத மாதமில்லை. அது நேரம் காட்டுகிற சாமான் இல்லை. அதற்கு இருப்பது ஒற்றை முள். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைக் காட்டும். எனக்கு நம்பர் வாசிக்கத் தடுமாறும் என்பதற்காக, உள்ளே அச்சடித்திருந்த நம்பரையெல்லாம் மறைத்து, இடது பக்கம் பச்சைத்தாளும் வலது பக்கம் சிவப்புத்தாளும் வெட்டி ஒட்டிக் கொடுத்தவர் எங்கள் இன்சார்ஜ் சார். பச்சைத்தாள் வெளிறிப்போய்விட்டது. சிவப்பு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதற்கப்புறம் மாடும் வயலும்தான். இதை நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நன்றாக எழுதுகிறவள்தான், ஆனாலும் சில இடத்தில் அவள் சேர்க்கப் பார்த்த அலங்காரத்தையெல்லாம் அடிக்கச் சொல்லிவிட்டேன். அவமானத்தைச் சொல்ல உட்கார்ந்த பிறகு அதற்குப் பூ வைப்பானேன்.

மானூருக்கு மேற்கே, ஆடி மாதத்தில் நின்றால் ஆளைத் தள்ளுகிற காற்றடிக்கும் பொட்டலில் எங்களுக்கு நிலம் இருந்தது. வானம் பார்த்த பூமி. என் வீட்டுக்காரர் இருக்கும்போதே அதைக் காற்றாடி வைத்துக் கரண்ட் எடுக்கிற கம்பெனிக்குக் கொடுத்தோம். அவர் போன பிறகு, நிலம் கொடுத்த குடும்பம் என்று எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். மூன்று காற்றாடிகளின் சாவி என்னிடம் இருக்கும். அஞ்சு, ஏழு, ஒன்பது. கோபுரத்தின் அடியில் ஓர் அறை அளவுக்கு இடம் உண்டு. அதைத் தூத்துப் பெருக்கி, பாம்பு பல்லி அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏழாம் நம்பர் எங்கள் நிலத்தில் நிற்பது. அதன் கதவுக்கு முன்னால் நான் தினமும் கோலம் போடுவேன். ரிப்பேர் பார்க்க வருகிற பையன்கள் அதை மிதிக்காமல் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். "ஏலே, பாத்து தாண்டுலே, ஏழாம் நம்பரு நம்ம காத்தாடி இல்ல, அக்கா வீட்டு மருமவப்பிள்ள" என்று கேலி செய்வார்கள். "ஆமாலே, ஒன்னய மாதிரி தின்னுட்டு தூங்குத மருமவன் இல்ல, ஒழைக்குத மருமவன்" என்பேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு. இப்போதும் உண்டு. அதுதான் என்னைக் கெடுத்தது.

இன்சார்ஜ் சார் பாளையங்கோட்டைக்காரர். அவருடைய அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவராம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேதக்கோயிலுக்குப் போன வெள்ளைச் சட்டையோடேயே பதினொரு மணிக்குக் காற்றாடிக்கு வந்துவிடுவார். சாயங்காலம் அதில் கிரீஸ் கறையோடு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் ஏச்சு வாங்குவார். அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். கோபுரத்து இரும்புப் படியில் உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிடுவார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் என்ன சொன்னாலும், மாடு மேய்க்கிறவன் சொன்னாலும், சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொள்வார். "சொல்லுங்கக்கா, பைய சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்" என்பார். என் பேச்சை ஒரு மனுஷன் உட்கார்ந்து எழுதியது என் வயசில் அதுதான் முதல் தடவை.

கோபுரத்தின் அடியில் ஆள் உயரத்துக்கு இரும்பு அலமாரி ஒன்று நிற்கும். கன்வெர்ட்டர் என்பார்கள். மேலே இறக்கை சுற்றும்போது வருகிற கரண்ட், காற்றைப் போலவே தாறுமாறாக ஏறி இறங்கி வருமாம். அதை ஒழுங்குபடுத்தி லைனில் விடுவது இந்த அலமாரியின் வேலை. அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்துக் காற்றாடிகளில் இது அடிக்கடி வெடித்துக்கொண்டிருந்தது. அதிர்வேட்டுப் போட்ட மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ரப்பர் கருகுகிற நாற்றம். அதற்கான சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வருகிற வரைக்கும் காற்று சும்மா போகும், காற்றாடி நிற்கும். சூட்டினால் வெடிக்கிறது என்று மேலே இருக்கிறவர்கள் சொன்னார்கள். இன்னும் பெரிய ஃபேன் வைக்கச் சொல்லி எழுதினார்கள்.

சார் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய நோட்டில் ஒவ்வொரு வெடிப்பும் எந்த மாதம், முந்தின நாள் மழையா வெயிலா என்று எழுதி வைத்திருந்தார். சித்திரை வெயிலில் ஓடும்போது வெடிக்கவில்லை. ஆடிக் காற்றில் மூச்சு விடாமல் ஓடும்போதும் அவ்வளவாக இல்லை. ஐப்பசி கார்த்திகையில் மழையில் நாலு நாள் சும்மா நின்றுவிட்டு, காற்று எழும்பி ஓட ஆரம்பிக்கிற அன்றைக்குத்தான் வெடித்தது. ஒரு நாள் என் தூக்குச்சட்டியோடு இருந்த எவர்சில்வர் டம்ளரில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிப் படியில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக வேர்த்தது. "பாத்தியளா அக்கா, இது டம்ளர் ஓட்டையில்ல. காத்துல இருக்க ஈரம் குளுந்த சாமான்ல வந்து ஒட்டுது. கன்வெர்ட்டர் உள்ளயும் இப்படித்தான் வேர்க்கும். வேர்த்து நிக்கயில கரண்ட விட்டா என்ன ஆவும்?" என்றார். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. படித்தவர்களுக்கு விளங்காதது எனக்கு விளங்கிவிட்டதே என்று அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தலை நிமிர்ந்து நடந்தேன்.

பல தடவை எழுதிப்போட்டு, மேலதிகாரியோடு முறுக்கிக்கொண்டு, கடைசியில் சார் அனுமதி வாங்கினார். என்னிடம் சாவி இருந்த மூன்று காற்றாடிகளுக்கு மட்டும், ஒரே ஒரு மழைக்காலத்துக்கு மட்டும். ஒவ்வொரு அலமாரிக்குள்ளும் சின்ன ஹீட்டர் ஒன்று வைப்பது. காற்றாடி நிற்கும்போதும் அது எரிந்து உள்ளே ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்ளும். கதவில் சின்னக் கண்ணாடி போட்டு, அதன் உள்பக்கம் ஈரம் காட்டுகிற வட்டம். முள் பச்சையில் இருந்தால்தான் காற்றாடியை ஓட விடவேண்டும். சிவப்பில் இருந்தால், எவ்வளவு நல்ல காற்று அடித்தாலும், காய்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். அந்த மழைக்காலம் தப்பித்துவிட்டால் எல்லாக் காற்றாடிக்கும் இதையே செய்வார்கள். மூன்றில் ஒன்று வெடித்தாலும் பேச்சு அத்தோடு முடிந்தது. "அக்கா, என் மானம் ஒங்க கையிலதான் இருக்கு" என்று சிரித்தார். சிரித்துச் சொன்னாலும் உண்மையைத்தான் சொன்னார்.

முள்ளைக் குறித்து வைக்க ஆள் வேண்டும். ஒரு ரூபாய்க் காசைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி, வரிசைக்கு ஏழாக வட்டம் போட்டுக் கொடுத்தார். ஒரு நாளைக்கு ஒரு வட்டம். காலையில் போய்ப் பார்த்து, முள் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அதே மாதிரி கோடு இழுக்க வேண்டும். எழுத்தே வேண்டாம். ஈரக்காலோடு உள்ளே போகக்கூடாது, தண்ணீர் விட்டுக் கழுவக்கூடாது, கதவைத் திறந்து போடக்கூடாது என்றார். வெள்ளிக்கிழமை தோறும் நான் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவிக்கொண்டிருந்தேன். அன்றோடு நிறுத்தினேன். வாசலில் காலைத் துடைக்கக் கோணிச்சாக்கு போட்டேன். ரிப்பேர் பையன்களை ஈரச்செருப்போடு உள்ளே விடவில்லை. "எக்கா, நீங்க கோயில் வாசல்ல நிக்க பூசாரிய விட மோசம்" என்றார்கள். ஐப்பசி முழுவதும் முள் பச்சையிலேயே நின்றது. நான் இழுத்த ஒவ்வொரு கோடும் நேர்மையான கோடு.

கார்த்திகை பிறந்தபோது என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆபரேஷன் பண்ணித்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண்பிள்ளை. எடை குறைவு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றைக்குப் பிடித்த மழை விடவே இல்லை. ஆற்றில் வெள்ளம், குறுக்குத்துறைக் கோயில் முங்கிவிட்டது என்று டவுனிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். வீட்டில் இருந்த பழைய வேட்டியையெல்லாம் கிழித்துப் பிள்ளைக்குத் துணியாக்கியிருந்தேன். ஒன்றும் காயவில்லை. விறகு நனைந்து அடுப்பு புகைந்தது. சாம்பிராணிச் சட்டி மேல் கூடையைக் கவிழ்த்துக் காயவைத்துப் பார்த்தேன். துணியெல்லாம் புகை நாற்றம். பிள்ளை தும்மியது. அடியில் தோல் சிவந்து புண்ணாகியது. அது அழுகிற அழுகை பூனைக்குட்டி மாதிரி இருக்கும். பெரிதாக அழக்கூட அதற்குத் தெம்பில்லை.

மறுநாள் காலையில் ஏழாம் நம்பருக்குள் போனேன். அலமாரிக் கதவில் சல்லடை மாதிரி துளை இருக்கும். கையை அதன் பக்கத்தில் வைத்தேன். ஹீட்டர் சூடு வெதுவெதுவென்று வந்தது. ஊரே நனைந்து கிடக்கையில் அந்த ஒரு இடம் மட்டும் உலர்ந்து கிடந்தது. நானே பெருக்கி, நானே காத்து வைத்திருந்த இடம். நான் அதிகம் யோசித்தேன் என்று சொன்னால் பொய். வீட்டுக்குப் போய் ஈரத்துணி மூட்டையைக் குடைக்குள் வைத்து எடுத்து வந்தேன். ஏணிக்கும் அலமாரிக் கைப்பிடிக்கும் கயிறு கட்டினேன். பாதித் துணியை அந்தச் சல்லடை மேலேயே விரித்தேன். கதவைச் சாத்திப் பூட்டினேன். சாயங்காலம் போனபோது துணி சுடச்சுட இருந்தது. மகள் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "எம்மா, எங்கன காயப்போட்ட? அப்பந்தான் சுட்ட தோசை மாதிரி இருக்கு" என்றாள். "ஒனக்கு எதுக்குட்டி அது, பிள்ளைக்கு சுத்து" என்றேன்.

பதினோரு நாள் அப்படிச் செய்தேன். துணியின் ஈரம் சல்லடை வழியாக உள்ளே போய், முதல் நாளே முள் பச்சையை விட்டு நகர்ந்தது. மூன்றாம் நாள் சிவப்பில் நின்றது. எனக்குத் தெரியும். டம்ளர் வேர்த்ததைப் பார்த்தவள் நான். ஆனால் சிவப்பில் கோடு இழுத்தால் சார் ஓடி வருவார். அஞ்சும் ஒன்பதும் பச்சையாக இருக்க ஏழு மட்டும் ஏன் சிவப்பு என்று கேட்பார். கோபுரத்துக்குள் பிள்ளைத்துணி தொங்குவதை ரிப்பேர் பையன்கள் பார்ப்பார்கள். ஊருக்கே ஈரக்கால் வைக்காதே என்று சட்டம் பேசினவள் நான். சாரிடம் போய், "சார், பிள்ளைக்குத் துணி காயல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர் தன் வீட்டிலிருந்தே துணி கொண்டு வந்திருப்பார். அது அப்போதே எனக்குத் தெரியும். கேட்கிற வாய் எனக்கில்லை. பச்சையில் கோடு இழுத்தேன். காற்று இல்லை, காற்றாடி ஓடப்போவதில்லை, மழை விட்டதும் துணியை எடுத்துவிட்டால் முள் தானாகத் திரும்பிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதினோராம் நாள் காலையில் மழை விட்டு, மேற்கேயிருந்து காற்று எழும்பியது. நான் ஏழாம் நம்பருக்குள் நின்று துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சார்தான். கண்ட்ரோல் ரூமில் இருந்தார். அங்கிருந்தே காற்றாடியை ஓட விடலாம்.

"அக்கா, காத்து நல்லா வருது. ஏழுல முள் எங்கன நிக்கி?"

முள் என் முகத்துக்கு நேராக இருந்தது. சிவப்பில்தான் இருந்தது.

"பச்சைதான் சார்" என்றேன்.

"நல்லா பாத்துட்டியளா?"

"நான் பாக்காம சொல்லுவனா?"

"சரிக்கா. வெளிய வந்து கதவ பூட்டிருங்க. ஓட விடுதேன்."

சூடான துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடைக்கரை வரைக்கும் வந்திருப்பேன். மேலே இறக்கை அசைந்தது, சுற்றியது. எனக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்புறம் அந்தச் சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. தலையிலிருந்த மூட்டை மட்டும் வெதுவெதுவென்று இருந்தது.

இரண்டு நாள் கழித்து மேலதிகாரி காரில் வந்தார். அதற்குள் நான் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். கரிபிடித்த அலமாரி முன்னால் சார் நின்றார். முகம் சவரம் பண்ணாமல் இருந்தது. மேலதிகாரி என் தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதை யார் வரைஞ்சது?"

"இந்த அக்காதான் சார்."

"படிச்சவங்களா?"

"முள்ளப் பாத்து கோடு போட எதுக்கு சார் படிப்பு? இவ்வோ போட்டா சரியாத்தான் இருக்கும். மூணு வருசமா பாக்கேன்."

மேலதிகாரி தாளை மடித்தார். "அப்ப ஈரமே இல்லாமதான் வெடிச்சிருக்கு. ஒண்ணு, ஈரத்தாலதான் வெடிக்குதுன்னு நீங்க சொன்னது தப்பு. இல்ல, இந்தம்மா வரைஞ்சது தப்பு. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

சார் என்னைப் பார்த்தார். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. ஒருவேளை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்கிற பார்வை. அந்தப் பார்வையில் எனக்கு வழி திறந்துதான் இருந்தது. நான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டேன். "பொய்யா வரைய எனக்கு என்ன சார் வந்திருக்கு? எங்க நெலத்துல நிக்க காத்தாடி இது" என்றேன்.

சார் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். நான் சொன்னதை எழுதிக்கொண்டார். "அக்கா சொல்லுதது சரியாத்தான் சார் இருக்கும். நான்தான் எங்கயோ தப்பா நெனச்சிருக்கேன்" என்றார்.

அஞ்சிலும் ஒன்பதிலும் இருந்த ஹீட்டரையும் கழற்றிவிட்டார்கள். தை பிறக்குமுன்னே சாரை வடக்கே எங்கேயோ மாற்றினார்கள். அவருடைய மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்ததால் குடும்பம் இங்கேயே இருக்க, அவர் தனியாகப் போனார். போகிற அன்றைக்கு என் வீட்டுக்கு வந்தார். நான் மோர் கொடுத்தேன். பிள்ளையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். "புள்ள நல்லா தேறிட்டே" என்றார். பையிலிருந்து இந்த வட்டத்தை எடுத்தார். வெடித்ததில் ஓரம் கொஞ்சம் கருகியிருந்தது. "கம்பெனிக்கு இனி இது வேண்டாமாம். மழையிலயும் ஒரு நாள் விடாம பாத்தீங்க, ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். "நல்லா இருங்க சார்" என்றேன். பிள்ளை அவர் சட்டையில் ஒன்றுக்குப் போயிருந்தது. அதையும் சிரித்துக்கொண்டே துடைத்துவிட்டுப் போனார்.

இவ்வளவு வருஷம் நான் எனக்கு ஒரு சமாதானம் வைத்திருந்தேன். பிள்ளை பிழைத்ததே, ஒரு இரும்பு அலமாரிதானே போனது என்று. போன வருஷம் அதுவும் போயிற்று. ஏழாம் நம்பருக்குப் புதுக் கன்வெர்ட்டர் வைக்க ஒரு பெண் இன்ஜினியர் வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளை. உள்ளே ஹீட்டர் இருந்தது. இப்போது ஈரம் இருந்தால் அதுவே கண்டுபிடித்து, காய்கிற வரைக்கும் காற்றாடியை ஓட விடாதாம். முள் பார்க்க ஆள் வேண்டாம். "இத ரொம்ப காலத்துக்கு முன்னாலயே ஒருத்தர் இங்கனயே செஞ்சு பாத்திருக்காவ ஆச்சி. சரியா வரலன்னு ஃபைல்ல எழுதி வச்சிட்டாவ. அதனால அப்புறம் யாரும் அதத் தொடல. எத்தன கன்வெர்ட்டரு வீணாப் போச்சு! அவ்வோ சொன்னதுதான் சரி. எப்படித் தப்பாப் போச்சுன்னுதான் தெரியல" என்றாள்.

கோபுரத்து நிழலில் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "எத்தன நாளு ஆச்சி?" என்று மட்டும் கேட்டாள். அவளிடம் ஒரு தாள் வாங்கி, காசை வைத்துப் பதினோரு வட்டம் போட்டு, அந்தப் பதினோரு நாளும் முள் உள்ளபடி எங்கே நின்றதோ அங்கே கோடு இழுத்தேன். ஒரு நாளும் மறந்திருக்கவில்லை. கீழே என் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினேன். சார் ரிட்டயர் ஆகிப் பாளையங்கோட்டைக்கே வந்துவிட்டார் என்று பழைய ஆட்களிடம் விசாரித்து அவள்தான் அந்தத் தாளை அவருக்கு அனுப்பி வைத்தாள். அரை மணி நேரத்தில் பஸ்ஸில் போய்விடலாம். நான் போகவில்லை. அந்த முகத்துக்கு முன்னால் நிற்க இன்னும் எனக்குக் கால் வரவில்லை.

நான் துணி காயப்போட்ட இடத்தை எழுதும்போதே என் மகள் பேனாவை வைத்துவிட்டாள். "எம்மா, அந்தத் துணியா?" என்றாள். "ஆமட்டி, அதேதான். எழுது" என்றேன்.

தாளை அனுப்பி ஒன்றரை மாதம் கழித்துத் தபாலில் சாரிடமிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே ஒரு வரி எழுத்து இல்லை. ஒரு கட்டு வெள்ளைத்தாள். ஒவ்வொன்றிலும் காசை வைத்துச் சுற்றிய வட்டங்கள், வரிசைக்கு ஏழு. பென்சில் கோடு சில இடத்தில் நடுங்கியிருந்தது. ஒரு வருஷத்துக்குப் போதும். அவர் என்னை மன்னித்தாரா, இனியாவது ஒழுங்காகப் பார் என்று சொல்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிச்சலில்லை. அன்றையிலிருந்து தினமும் காலையில் எழுந்ததும் நடுச்சுவருக்குப் போய், முள்ளைப் பார்த்து அந்தத் தாளில் கோடு இழுக்கிறேன். யாருக்கும் அது தேவையில்லை. எந்தக் காற்றாடியும் என் கோட்டுக்காகக் காத்திருக்கவில்லை.

இது கார்த்திகை. நேற்றிலிருந்து மழை. கொடியில் போட்ட துணி சொட்டிக்கொண்டிருக்கிறது. இன்று காலையும் போய்ப் பார்த்தேன். முள் சிவப்பில் நின்றது. சிவப்பிலேயே கோடு இழுத்தேன்.